மடியில் வாங்காத பை

நான்கு புத்தகங்களைப் படித்துவிட்டு, சமுதாயம் முழுக்கப் புரிந்துவிட்டதாக நினைப்பது இருபது வயதில் வந்து போகவேண்டிய வியாதி. எனக்கு அது நாற்பத்தொன்பதில் வந்தது. அந்த வயதில் அம்மை வந்தாலே தாங்காது என்பார்கள்.

காரைக்குடியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் நான் தமிழாசிரியர். பதினொன்றாம் வகுப்பு பயாலஜி குரூப்புக்கு வகுப்பாசிரியரும் நானே. போன ஆண்டு ஜூலையில் தலைமையாசிரியரிடம் போய், பிள்ளைகளுக்குச் சமூகத்தைக் கவனிக்கக் கற்றுத்தர ஒரு மன்றம் தொடங்கப் போகிறேன் என்றேன். ஒரு கூட்டத்தில் யார் பேசுகிறார்கள், யார் பேசுவதில்லை, யார் சொல்லி யார் எழுகிறார்கள் என்பதையெல்லாம் பிள்ளைகளே பார்த்து எழுத வேண்டும் என்று விளக்கினேன். அவர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமல், “சத்தம் வராமப் பாத்துக்கங்க” என்றார். அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை கடைசிப் பீரியடுக்குப் பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். என் மேல் வைத்த மதிப்பால் இல்லை. அதே நேரத்தில்தான் கணக்கு வாத்தியார் ஸ்பெஷல் கிளாஸ் வைத்திருந்தார்.

முதல் வேலையாக ஆசிரியர் அறையைக் கவனித்து எழுதச் சொன்னேன். இரண்டு வாரத்தில் வந்து ஒப்பித்தார்கள். ஃபேனுக்குக் கீழே எந்த நாற்காலி, அது யாருக்கு, டீ முதலில் எந்த மேஜைக்குப் போகிறது, யார் வந்தால் எந்தப் பேச்சு நிற்கிறது, எல்லாம் சரியாக இருந்தது. “என்னைப் பத்தி ஒண்ணுமில்லையா?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“நீங்க யாரு பக்கமும் பேச மாட்டீகய்யா. எல்லாரும் சண்டை போட்டு முடிச்ச பெறகு ஒரு ஜோக் சொல்லுவீக.”

“சிரிப்பாங்களா?”

“ரெண்டு பேரு சிரிப்பாகய்யா.”

மனசு கொஞ்சம் வலித்தாலும் பெருமையாகத்தான் இருந்தது. கண் திறந்துவிட்டது பிள்ளைகளுக்கு என்று வீட்டில் போய்ச் சொன்னேன். “உங்களுக்கு?” என்று என் மனைவி கேட்டதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வேலை டவுன் பஸ். சாக்கோட்டைப் பக்கமிருந்து காலையில் வருகிற பஸ்ஸில் எங்கள் பிள்ளைகள் பாதிப் பேர் வருவார்கள். அதில் ஏறினவர்களுக்குத் தெரியும், நிற்கிற பிள்ளை தன் பையை உட்கார்ந்திருக்கிற பிள்ளையின் மடியில் கொடுத்துவிடும். கேட்க வேண்டியதில்லை, நீட்டினால் போதும். சில மடிகளில் நான்கு பை இருக்கும், முகம் தெரியாது. இதை ஒரு வாரம் பாருங்கள், யார் பை யார் மடிக்குப் போகிறது என்று எழுதுங்கள், பெயர் மட்டும் போடாதீர்கள் என்றேன்.

பதினொரு பேர் எழுதியது சுமார். ஒருத்தி எழுதியது ஒன்றரைப் பக்கம். என் வகுப்புப் பெண்தான், ஆர்ச் ஸ்டாப்பில் ஏறுகிறவள். ஆர்ச்சுக்கு முந்தின ஸ்டாப்பில் போர்டில் இப்போது வேறு பெயர் இருக்கிறது. கண்டக்டர் வாயில் அது இன்னும் காலனி ஸ்டாப்தான். எங்கள் பக்கம் ஸ்டாப் தெரிந்தால் தெரு தெரியும், தெரு தெரிந்தால் சாதி தெரியும். அவள் எழுதியிருந்தது இது. காலனி ஸ்டாப்பில் ஏறுகிற பிள்ளைகள் யாரிடமும் பையை நீட்டுவதில்லை. நீட்டினால் உட்கார்ந்திருக்கிறவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். ஆனால் ஒரு மாணவி ஆர்ச்சில் ஏறுகிறாள். அவள் வீடு காலனியில். தினமும் ஒரு ஸ்டாப் தூரம் நடந்து வந்து ஏறுகிறாள். அப்பாவின் வண்டியில் போகும்போது ஒருநாள் அதைப் பார்த்ததாக எழுதியிருந்தாள். கடைசி வரிகள் அப்படியே நினைவில் இருக்கின்றன: ‘அந்தப் பையை ஜூன் மாதத்திலிருந்து என் மடியில் வாங்கி வைக்கிறேன். முந்தின ஸ்டாப்பில் ஏறியிருந்தால் வாங்கியிருக்க மாட்டேன். பை அதே பைதான்.’

இருபத்திரண்டு வருடம் கட்டுரை திருத்தியிருக்கிறேன். அப்படி ஒரு வரியை எந்தப் பிள்ளையும் எழுதியதில்லை. நானும் எழுதியதில்லை.

“இதைக் கிளாஸ்ல வாசிக்கப் போறேன்.”

“வேண்டாம்யா. மன்றத்துக்குள்ளயே இருக்கட்டும்.”

“பேரே இல்லையே, தாயி.”

அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாத பிள்ளைகளைக் கவனியுங்கள் என்று பாடம் எடுத்துக்கொண்டிருந்தவன் நான்.

வெள்ளிக்கிழமை முதல் பீரியடில் வகுப்பு முழுவதற்கும் வாசித்தேன். ஏற்ற இறக்கத்தோடு, பட்டிமன்றத்தில் எனக்குக் கிடைக்காத இடத்தையெல்லாம் அங்கே எடுத்துக்கொண்டு வாசித்தேன். ‘ஒரு ஸ்டாப் தூரம் நடந்து வந்து’ என்ற இடத்தில் தலைகள் இங்குட்டும் அங்குட்டும் திரும்பின. ஆர்வம் என்று நினைத்தேன். மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் மட்டும் திரும்பாமல் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். எழுதிக்கொள்ள அதில் எதுவுமே இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

திங்கட்கிழமை அவள் வந்தாள். செவ்வாயிலிருந்து வரவில்லை. வியாழக்கிழமை, கட்டுரை எழுதிய பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“திங்கக்கெழமை பஸ்ல என்ன நடந்துச்சு?”

“பையை நீட்டுனாய்யா. யாரும் வாங்கல. ஒருத்தி, ‘நீயே வச்சுக்கடி, உன் பை ஐயா பாடத்துலயே வந்துருச்சு’ன்னா. எல்லாரும் சிரிச்சாக.”

“நீ வாங்கலையா?”

அவள் சுவரைப் பார்த்தாள். “நான் அன்னைக்கு உக்காரலய்யா. எடம் இருந்துச்சு. நின்னுக்கிட்டே வந்தேன்.”

வாங்கவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம் என்று, மடியே இல்லாமல் வந்திருக்கிறாள். கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. தலைமையாசிரியரிடம் போனேன். “பேரு சொல்லலையே, பெறகென்ன? பெருசாக்காதீக” என்றார். நான் அவளிடம் சொன்ன அதே வாசகம். அவர் வாயில் கேட்டபோதுதான் அது எவ்வளவு கேவலமானது என்று தெரிந்தது.

சனிக்கிழமை காலை, வராமல் நின்ற பெண்ணின் வீட்டுக்குப் போனேன். ஆர்ச்சில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நடந்தேன். பரிகாரம் மாதிரி ஏதோ ஒரு நினைப்பு. பாதி வழியில் மூச்சு வாங்கியது. இதைப் பதினாறு வயசுப் பெண் புத்தகப் பையோடு தினமும் நடந்திருக்கிறாள் என்பதைத் தவிர அந்த நடையில் எனக்கு எந்தப் புண்ணியமும் சேரவில்லை.

அவள் அப்பா பெயிண்டர். கையில் வெள்ளை காயாமல் வெளியே வந்தார். “வாங்கய்யா, வெயில்ல வந்துருக்கீக, உள்ள வாங்க” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். என்மேல் கோபமே இல்லாதவர் போல இருந்தார். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

அவள் வாசற்படியில் நின்றாள்.

“பேரு சொல்லல தாயி, அதனால யாருக்கும் தெரியாதுன்னு...”

“பேரு சொல்லியிருந்தா ஒரு நாளோட போயிருக்கும்யா” என்றாள். “சொல்லாம விட்டீக. எல்லாரும் தேடுனாக. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள வாட்ஸ்ஆப்ல கண்டுபிடிச்சிட்டாக. நீங்கதானய்யா கவனிக்கச் சொல்லிக் குடுத்தீக.”

“நான் கிளாஸ்ல பேசுறேன். கண்டிக்கிறேன்.”

“மறுபடியும் பேசப் போறீகளா?”

அவள் அப்பா “ஏய்” என்று அதட்டினார்.

திருப்பத்தூரில் சின்னம்மா வீடு இருக்கிறது, அங்கே பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இடம் சொல்லியாகிவிட்டது என்றார் அவர். நடந்தே போகிற தூரம்.

“அங்க பயாலஜி இருக்கா?” என்று கேட்டேன். நர்சிங் படிக்க வேண்டும் என்று ஜூனில் அவள் எழுதிக் கொடுத்திருந்தாள்.

“ஆர்ட்ஸ் குரூப் மட்டுந்தான் இருக்குய்யா” என்று அவர் சொன்னார். “படிக்கட்டும். எதையோ படிக்கட்டும்.”

“இன்னும் ஒரு வாரம் பொறுத்துப் பாருங்களேன்” என்றேன்.

“பொறுத்துத்தான்யா ஆர்ச் வரைக்கும் நடந்துச்சு புள்ள, ஜூன்ல இருந்து.”

அவள் உள்ளே போய் டி.சி. விண்ணப்பத்தை எடுத்துவந்தாள். அப்பா கையெழுத்துப் போட்டிருந்தார். வகுப்பாசிரியர் கையெழுத்துக்கும், பள்ளியை விட்டு விலகும் காரணத்துக்கும் இடம் காலியாக இருந்தது. “காரணத்த நீங்களே எழுதிருங்கய்யா” என்று பேனாவை நீட்டினார்.

உண்மையை எழுத ஆசைப்பட்டேன். அந்தக் கோடு போட்ட இடத்தில் இரண்டு வரி எழுதலாம். என் பெயர் அதில் வந்தாலும் சரி என்றுகூட ஒரு நிமிஷம் வீரம் வந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

“ஐயா, அதுல வேற என்னமும் எழுதிராதீக. போற எடத்துல வாசிப்பாக.”

‘குடும்பச் சூழல்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் வாங்கி, ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

“தேதி போடலையேய்யா” என்று திருப்பிக் கொடுத்தாள்.

தேதி போட்டுக் கொடுத்தேன்.