சரிபாதிக் கிணறு

மரியராஜ் இளவயதில் மூன்று ஆண்டுகள் குருமடத்தில் இருந்தார். தந்தை இறந்ததும் வீடு திரும்பி, ஒரு மிஷன் பள்ளி அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, அங்கேயே ஓய்வும் பெற்றார். குருமடம் அவரிடம் விட்டுவைத்தது கொஞ்சம் லத்தீன். அவர் வாழ்ந்த விளாங்குடியில் அதற்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. ஓய்வுக்குப் பின் மதுரை காளவாசலில் ஒரு ஜெராக்ஸ் கடை ஓரமாக மேசை போட்டு, ஆங்கிலத் தீர்ப்புகளைத் தமிழாக்கித் தரத் தொடங்கினார். அப்போதுதான் தீர்ப்புகளின் நடுவே லத்தீன் மறுபடி கண்ணில் பட்டது. வக்கீல்கள் அதை உச்சரிக்கும் விதம் அவருக்குப் பிடிக்காது. லத்தீன் வந்தால் தமிழ் எழுத்தில் அப்படியே எழுதிவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவார். யாரும் அதற்கு அர்த்தம் கேட்டதில்லை. கனகலட்சுமி கேட்டார்.

உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் அவருக்கு. கணவர் இறந்து ஆறு வருடம். அறுபது சென்ட் மல்லிகைத் தோட்டம். கணவரின் சித்தப்பா மகன் வீரணனோடு பொதுவில் ஒரு கிணறு. வீரணன் தன் நிலத்தில், கிணற்றிலிருந்து முப்பதடி தள்ளி, எண்ணூறு அடிக்கு போர் போட்டார். அந்தக் கோடையிலேயே கிணறு வற்றியது. போரை மூடச் சொல்லிக் கனகலட்சுமி வழக்குப் போட்டார். இப்போது மேல்முறையீட்டிலும் தீர்ப்பு வந்துவிட்டது.

"வக்கீலு பாதி செயிச்சாச்சுங்குறாரு சார். எந்தப் பாதின்னு கேட்டா சொல்ல மாட்டேங்குறாரு. வரி விடாம வாசிங்க" என்று பத்தொன்பது பக்கங்களை மேசையில் வைத்தார்.

மரியராஜ் வாசித்துக்கொண்டே தமிழில் சொல்லி வந்தார். கிணற்றில் கனகலட்சுமிக்குச் சரிபாதி உரிமை உண்டு என்று நீதிமன்றம் உறுதி செய்திருந்தது. அவர் முகம் தெளிந்தது. பதினாலாம் பத்தியில் மரியராஜ் நின்றார்.

"டாம்னும் சினே இன்யூரியா."

"அது என்ன சார், பூசை மாதிரி?"

"லத்தீன்மா. நட்டம் உண்டு, ஆனா உரிமை மீறல் இல்லைன்னு அர்த்தம்."

"நட்டம்னு ஒத்துக்கிறாகளா?"

"ஒத்துக்கிறாங்க. பூச்செடி காஞ்சது, வருமானம் போனது எல்லாத்தையும் எழுதியிருக்கு."

"பெறகென்ன?"

"அவர் தன் நிலத்துக்கடியில இருக்கிற ஊத்துத் தண்ணியத்தான் எடுத்தாரு. அதுக்குச் சட்டத்துல தடை இல்லையாம். போரை மூடச் சொல்ல முடியாதாம்."

கனகலட்சுமி வாசித்து முடித்த பக்கங்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "தண்ணி இல்லாத கெணத்துல பாதி எனக்கு. அதானே சார்?"

மரியராஜ் ஆமென்று தலையசைத்தார்.

"சரி. நான் கெணத்த ஆழப்படுத்திக்கிறேன். அதுக்குத் தடை இல்லைல்ல?"

கடைசிப் பக்கத்தில் அதற்கும் பதில் இருந்தது. பொதுக் கிணறு ஆகையால், ஒரு பங்குதாரர் மற்றவரின் சம்மதம் இல்லாமல் அதை ஆழப்படுத்தவோ மாற்றவோ கூடாது. இதை வாசிக்கும்போது மரியராஜின் குரல் இறங்கிவிட்டது.

மொழிபெயர்த்துக் கொடுப்பதோடு அவர் வேலை முடிந்தது. ஆனாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் உசிலம்பட்டி பஸ் ஏறினார். ஒரு கையெழுத்துத்தானே, கேட்டால் வீரணன் போட்டுவிட மாட்டாரா என்று நினைத்தார்.

வீரணன் வெள்ளரிக்காய் நறுக்கிக் கொடுத்து உபசரித்தார். "மதினி மேல எனக்கு ஒரு கோவமும் இல்லண்ணே. எட்டு மாசம் என் போர்லருந்து தண்ணி விட்டேன், கேட்டுப் பாருங்க. கேஸு போட்டதும் நிறுத்திட்டேன். வக்கீலு விடக் கூடாதுன்னாரு."

"இப்பதான் கேஸ் முடிஞ்சிருச்சே. ஆழப்படுத்த ஒரு கையெழுத்துப் போட்டுருங்க."

"முப்பதடிக்குள்ள வெடி வப்பாக. என் போர்ல பைப்பு நகண்டுச்சுன்னா யாரு பொறுப்பு? அந்த போருக்கு நான் பட்ட பாடு எம்புட்டுன்னு தெரியுமாண்ணே?"

அவர் சொன்னதிலும் பொய் இல்லை. மரியராஜ் எழுந்து கிணற்றை எட்டிப் பார்த்தார். அடியில் பாறை தெரிந்தது. அவர் வந்திருப்பது தெரிந்து வந்த கனகலட்சுமி வரப்பிலேயே நின்றிருந்தார், கிட்டே வரவில்லை.

இரண்டாம் மேல்முறையீட்டுக்குத் தொண்ணூறு நாள் கெடு. கெடு முடிய ஒரு வாரம் இருக்கையில் மரியராஜும் கனகலட்சுமியும் தமிழ்வாணி என்ற வக்கீலிடம் போனார்கள். தமிழ்வாணி முழுவதும் வாசித்துவிட்டு, "ரெண்டாவது அப்பீல்னா சட்டப் பிரச்சினை ஏதாவது இருந்தாத்தான் எடுப்பாங்க. இதுல அப்படி எதையும் காட்ட முடியாதும்மா. மனு அனுமதிக்கே நிக்காது" என்றார்.

வக்கீல்களிடம் எதிர்த்துப் பேசியே பழக்கமில்லாத மரியராஜ் அன்று பேசினார். "மேடம், இன்யூரியாங்கிற வார்த்தைக்குள்ள இருக்கிற 'யூஸ்'ங்கிற லத்தீன் சொல்லுக்கு உரிமைன்னு அர்த்தம். கிணத்துல பாதி உரிமைன்னு இவங்களுக்குக் கொடுத்திருக்கு. தண்ணியச் சேக்காம கிணத்து உரிமைன்னு எதைச் சொல்றது?"

தமிழ்வாணி பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்றது நியாயம்ணே. ஆனா நிலத்தடி ஊத்து, கிணத்துப் பாத்தியத்துல வராது. எனக்கு ஃபீஸ் வேணாம். ஆனா வெறும் நம்பிக்கை கொடுத்து அனுப்பவும் மனசில்ல."

வெளியே வந்ததும் மரியராஜ் மன்னிப்புக் கேட்பதுபோல தீர்ப்பைக் கனகலட்சுமியிடம் நீட்டினார்.

"நீங்க எதுக்கு சார் வருத்தப்படுறீக? நீங்களா எழுதுனீக?" என்றார் கனகலட்சுமி. பிறகு, "மூணு மாசமா இதையேதான் மனப்பாடம் பண்ணிக்கிட்டிருக்கேன். நட்டம் உண்டுன்னு கோர்ட்டே சொல்லிருச்சு. அந்தக் காகிதத்த வச்சு என்ன செய்யணும்னுதான் ஒருத்தரும் சொல்லல" என்றார்.

கெடு முடிந்தது. புரட்டாசியில் கனகலட்சுமி மல்லிகைச் செடிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, மானாவாரியாகச் சோளம் விதைத்தார். மழை இரண்டு முறை தூறிவிட்டுப் போய்விட்டது. இப்போது மதுரையில் ஒரு பெண்கள் விடுதியில் சமையல் வேலைக்கு வருகிறார். காலை ஆறரை பஸ்ஸில் காளவாசலில் இறங்கி, ஜெராக்ஸ் கடையைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். அந்த நேரத்தில் கடை திறந்திருக்காது. மரியராஜுக்கு அது ஒருவிதத்தில் நிம்மதியாகவே இருக்கிறது. அப்படி இருப்பதற்காக வெட்கமாகவும் இருக்கிறது.