அக்கா சமம் சொல்லவில்லை

சித்தூரிலிருந்து திருப்பதிக்கு வரும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும், கண்டக்டரிடம் சொன்ன முதல் வாக்கியத்திலேயே மாட்டிக்கொண்டேன். "இந்தப் பிள்ளைக்கு ஒரு திருப்பதி" என்றேன். அவர் என் மடியைப் பார்த்தார். பக்கத்து இருக்கையைப் பார்த்தார். குனிந்து காலடியில் கிடந்த துணிப்பையைக்கூடப் பார்த்தார். "பில்ல எக்கடம்மா? வயசு எத்தினி? அரை டிக்கெட்டா, முழுசா?" என்று தெலுங்கும் தமிழும் கலந்து கேட்டார். முப்பத்துநாலு வயசில், அந்தப் பிள்ளை நான்தான் என்று எந்த வாயால் சொல்வது? "முழு டிக்கெட்" என்று மட்டும் சொன்னேன். நான் இறங்கும்வரை அவர் என்னைச் சந்தேகமாகவே பார்த்துக்கொண்டு வந்தார்.

பன்னிரண்டு வருஷம் நான் 'நான்' என்று சொன்னதில்லை. சித்தூருக்கு வெளியே மாந்தோப்புகளுக்கு நடுவில் இருந்த அந்த இடத்தில் அது கூடாது. எல்லாரும் அந்த இடத்தை நடத்திய ஐயாவின் பிள்ளைகள். பசித்தால் 'இந்தப் பிள்ளைக்குப் பசிக்கிறது', தலை வலித்தால் 'இந்தப் பிள்ளைக்குத் தலை வலிக்கிறது'. எந்த மதம், எந்தச் சாமி என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. எந்தச் சாமியின் பேரைச் சொல்லியும் அப்படி ஓர் இடத்தை நடத்த முடியும். நாங்கள் அதை 'வீடு' என்றோம். மதிலுக்கு வெளியே இருந்த உலகம் முழுக்கத் 'தெரு'. பெற்றவர்களும் கூடப் பிறந்தவர்களும் தெருக்காரர்கள். எது நடந்தாலும் சொல்லவேண்டிய பதில் 'சமம்'. மனசில் கேள்வி வந்தால் அது 'தூசி'. கேள்வியை வெளியே கேட்டுவிட்டால், யாரும் பேசாமல் பத்து நாள் தனி அறையில் வைப்பார்கள். அதற்குப் பெயர் 'ஓய்வு'. வெளியே வந்ததும் நல்ல ஓய்வு கிடைத்தது என்று நன்றி வேறு சொல்லவேண்டும். நான் ஏன் வெளியேறினேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்வதானால், ஓய்வு அதிகமாகிவிட்டது.

திருப்பதியில் அக்கா வீட்டுக்குத்தான் வந்தேன். எங்கள் பூர்வீகம் பாலசமுத்திரம் பக்கம். அக்காவைக் கட்டிக்கொடுத்தது இங்கே. எங்கள் அப்பா, நைனா, நான் அந்த 'வீட்டில்' சேருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். அம்மா அக்காவோடுதான் இருந்தாள். நான் வருவதற்கு மூன்று வருஷம் முன்பு அம்மா இறந்தாள்.

அன்றைக்கு அக்கா போன் செய்தாள். ஐயாவின் வீட்டில் ஆபீஸ் அறையில்தான் போன், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். அம்மா போய்விட்டாள், உடனே கிளம்பி வா என்று அக்கா அழுதாள். நான் சொன்னது இது: "சமம், அக்கா. அம்மாவுக்குத் தெரு தீர்ந்தது. இந்தப் பிள்ளைக்கு மகிழ்ச்சி." இந்த மூன்று வாக்கியங்களை எழுதவே கை கூசுகிறது. ஆனால் அன்றைக்குச் சொல்லும்போது கூசவில்லை. நான் போகவில்லை.

அப்படிப்பட்டவளைத்தான் அக்கா கதவைத் திறந்து உள்ளே விட்டாள். சோறு போட்டாள், தன் புடவை இரண்டைக் கொடுத்தாள். அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவின் பேச்சு வரப்போகிறது என்று தெரிந்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவாள். எனக்கு மன்னிப்புக் கேட்டாகவேண்டும். அதைச் செய்யாமல் அக்கா வீட்டில் ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

எனக்குத் தெரிந்த முறையில் கேட்டேன். ஐயாவின் வீட்டில் வியாழக்கிழமை தோறும் 'இறக்கி வைத்தல்' நடக்கும். யாரையாவது நோகடித்திருந்தால் அது 'கல்'. எழுந்து நின்று, கைகூப்பி, கண்ணை மூடிக்கொண்டு, இன்னாருக்கு ஒரு கல் போட்டேன், இறக்கி வைக்கிறேன் என்று சொல்லவேண்டும். எல்லாரும் சேர்ந்து 'சமம்' என்பார்கள். கல் பட்டவரும் சமம் என்று சொல்லியாகவேண்டும். அத்தோடு முடிந்தது. பிறகு அவர் அதைப் பற்றி வாய் திறந்தால் அது 'கிளறல்', அவருக்குத்தான் ஓய்வு. செய்தவருக்கு எவ்வளவு வசதியான ஏற்பாடு என்று உள்ளே இருந்தவரை எனக்கு உறைத்ததே இல்லை.

வந்த நான்காம் நாள், அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தபோது எதிரே போய் நின்றேன். கைகூப்பினேன். கண்ணை மூடினேன். "இந்தப் பிள்ளை அக்காவுக்கு ஒரு கல் போட்டது. இறக்கி வைக்கிறது" என்றேன். காத்திருந்தேன். சத்தமில்லை. கண்ணைத் திறந்தபோது அக்கா அங்கே இல்லை. பால்கனிக் கொடியில் மீதித் துணியை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுதா ஒன் பூஜை? வா, இந்த லுங்கிய மடி" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "இத பாருடி. இந்தப் பாஷை எனக்கு வாணாம். அன்னிக்குப் போன்ல பேசனதும் இதே பாஷைதான். மனுஷி மாதிரி பேச வரும்போது வந்து பேசு. அதுவரிக்கும் அம்மா பேச்ச எடுக்காத."

அக்கா கோபக்காரி. ஆனால் நியாயமான கோபக்காரி.

மனுஷி மாதிரி பேச வர எனக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் பிடித்தது. அந்த நாட்கள் துக்கமானவை என்று யாரும் நினைக்கவேண்டாம். பல நாள் சிரித்தே பொழுது போனது. அதற்குப் பெரிய காரணம் அக்கா வீட்டுக்காரர், என் மாமா. ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை அவருக்கு. கம்பெனி பஸ்ஸில் இறங்கி வந்ததும் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "இன்னாம்மா, இன்னிக்குத் தூசி எவ்ளோ?" என்பார். "பெருக்கிட்டேன் மாமா" என்பேன். கரண்ட் போனால், "உங்க ஊட்ல இதுக்கு இன்னா பேரு?" என்று கேட்பார். வீட்டில் கரண்ட் போனதற்குத் தனிப் பெயர் எதுவும் வைக்கவில்லை என்பதில் அவருக்கு நிஜமாகவே ஏமாற்றம். அவர் கிண்டல் செய்யச் செய்ய, பன்னிரண்டு வருஷம் பயபக்தியோடு உச்சரித்த சொற்கள் ஒவ்வொன்றாகச் சாயம் போயின. அதற்காக மாமாவுக்கு நான் கடன்பட்டவள்.

ஒருநாள் காலை அக்கா உப்புமா வைத்தாள். தட்டைப் பார்த்ததும், யோசிக்காமல், "எனக்கு உப்புமா புடிக்காது" என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் பயந்துபோய்க் கையை இழுத்துக்கொண்டேன். அக்கா கரண்டியோடு நின்றவள் சிரித்துவிட்டாள். "சின்ன வயசுலயும் இதேதான் சொல்லுவ" என்று தோசைக்கல்லை அடுப்பில் போட்டாள். எனக்கு இரண்டு தோசை வந்தது. 'எனக்கு' என்ற சொல் அவ்வளவு ருசியாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

எல்லாவற்றையும் விட்டுவிட்டேன் என்று சொன்னால் பொய். அங்கே சாப்பிட்டு முடித்ததும் சமைத்தவரைப் பார்த்து 'வயிறு வாழ்த்துகிறது' என்போம். அது நல்ல வழக்கம். இன்றைக்கும் சொல்கிறேன். மாமா இப்போது கம்பெனி கேன்டீனில் அதைச் சொல்லிப் பழக்கிவிட்டாராம்.

தெலுங்கு நன்றாக எழுதுவேன் என்பதால் தாலுகா ஆபீஸ் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் விண்ணப்பம் எழுதித் தரும் வேலை கிடைத்தது. அந்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. விண்ணப்பத்தில் ஜிகினா வேலை எதுவும் செல்லாது. பெயர் என்றால் பெயர், ஊர் என்றால் ஊர். முதல் மாதம் ஒரு பெரியவர் சான்றிதழ் எப்போது வரும் என்று கேட்டதற்கு, "கனியும்போது விழும்" என்று வீட்டு வழக்கப்படி சொல்லித்தொலைத்தேன். "ஏ ரோஜு கனியும்மா? திங்கட்கிழமையா, செவ்வாயா?" என்று அவர் கேட்டதும் கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

அந்தக் கடைக்குத்தான் போன மாதம் நகரிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தாள். புருஷனின் மரணச் சான்றிதழுக்கு விண்ணப்பம் எழுதவேண்டும். இந்த மாதிரி எத்தனையோ எழுதியிருக்கிறேன். இறந்துவிட்டார் என்பதற்குத் தெலுங்கில் 'சனிபோயாரு' என்று எழுத எனக்குத் தடங்கலே வந்ததில்லை. அந்த அம்மாள் தமிழ்க்காரி. "இன்னா எழுதணும்மா?" என்று கேட்டேன். "செத்துப்பூட்டாரும்மா. போன வாரம் புதங்கெழம காலைல செத்துப்பூட்டாரு. நான் பக்கத்துலதான் இருந்தேன்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையெழுத்து எங்கே போடவேண்டும் என்று கேட்டாள். அவ்வளவுதான். அவளால் சொல்ல முடிந்தது. என் அம்மாவைப் பற்றி அந்த ஒரு சொல்லை நான் இதுவரை தமிழில் சொன்னதே இல்லை என்பது அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அவமானமாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமா ஷிப்ட்டுக்குப் போயிருந்தார். அக்காவும் நானும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தோம். நான் எழுந்து நிற்கவில்லை, கைகூப்பவில்லை. கையில் கீரைக் காம்போடு சொன்னேன்:

"அக்கா, அம்மா செத்தப்ப நான் வரல. நீ போன்ல அழுத, நான் மகிழ்ச்சின்னு சொன்னேன். அது தப்பு. உன்ன தனியா உட்டுட்டேன்."

சொன்னதும் கண் தானாக மூடப்பார்த்தது. காது 'சமம்' என்ற சொல்லுக்காகக் காத்திருந்தது. பழக்கம் அப்படி. கண்ணை விரித்து அக்காவையே பார்த்தேன். அவள் கையிலிருந்த காம்பை உருவி முடித்தாள். பிறகு பேச ஆரம்பித்தாள்.

அம்மாவை ஊருக்குக் கொண்டுபோன வண்டியில் தான் மட்டும் உட்கார்ந்திருந்ததைச் சொன்னாள். சொந்தக்காரர்கள் எல்லாரும் சின்னவள் எங்கே என்று கேட்டதைச் சொன்னாள். "வெளிநாட்டுல கீறா, டிக்கெட் கெடைக்கலன்னு சொன்னேன். பொணத்த முன்னால வெச்சிக்கினு ஒனக்காகப் பொய் சொன்னேன்டி" என்றாள். என்னை இரண்டு முறை நன்றாகத் திட்டினாள். ஒரு முறை கீரைக் காம்பால் முழங்காலில் அடித்தாள். அவள் எப்போது நிறுத்துவாள் என்று எனக்குள் ஏதோ தவித்தது. ஆனால் வாயை மூடிக்கொண்டு கேட்டேன். நடுவில் ஒரு முறைகூட நான் சமாதானம் சொல்லவில்லை.

கடைசியில் கேட்டாள்: "போன வெச்சப்புறமாச்சும் அழுதியா? அத மட்டும் நெஜமா சொல்லு."

பொய் சொல்லியிருக்கலாம். அவளும் அதைத்தான் விரும்பியிருப்பாள்.

"இல்லக்கா. அழல" என்றேன். "சோத்து மணி அடிச்சிது. எனக்குப் பசி. போயி துன்னேன். ரெண்டாவது வாட்டி கேட்டு வாங்கித் துன்னேன்."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. தட்டைத் தூக்கி என் மேல் வீசப்போகிறாள் என்று நினைத்தேன். அக்கா புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அம்மா கடைசி வரிக்கும் அதத்தான் கேட்டுக்கினு கெடந்துச்சி" என்றாள். "'சின்னவ துன்னாளா? அங்க அவளுக்குச் சோறு போடறாங்களா?' இதே கேள்விதான். துன்னுருப்பா, நீ தூங்குன்னு சொல்லிக்கினே இருந்தேன். சாவப் போறவகிட்ட பொய் சொல்றமோன்னு எனக்கு இத்தினி வருஷமா பயம். துன்ன இல்ல? அது போதும்."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அம்மா செத்து ஐந்து வருஷம் கழித்து, அம்மாவுக்காக நான் அழுத முதல் அழுகை. நிறுத்தத் தெரியாமல், சின்னப் பிள்ளை போலச் சத்தம் போட்டு அழுதேன். அக்காவும் அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் எழுந்து அடுப்பைத் தணித்துவிட்டு வந்து, மீதிக் கீரையை என் பக்கம் தள்ளினாள்.

"அழுதுக்கினே உருவுடி. பருப்பு வெந்துபோச்சி" என்றாள்.