முதலில் ஓடுகிறவள்

எங்கள் மகளுக்கு ஹொக்கி பழக்கியவர் ஒரு ஜெர்மன் பெண். தன் நாட்டு அணியில் பல வருடம் ஆடி ஓய்ந்தபின் கணவரோடு மொன்றியலுக்கு வந்து, ரொக்ஸ்பரோவில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தார். அவர் ஆடியது புல்லில் ஆடும் ஹொக்கி. இந்த ஊரில் அதை விளங்கப்படுத்துவதே பெரும்பாடு. மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே நிற்கும்போது ஒரு அண்ணை கேட்டார்:

“பிள்ளை ஹொக்கியாம். ஐசிலையோ?”

“இல்லை அண்ணை, புல்லிலை.”

“புல்லிலை ஓடுறதுக்கு ஏன் பிளேன் ஏறி வந்தனீங்கள்?”

பெனால்டி கோர்னர் என்று ஒன்று உண்டு. எதிரணியில் ஒருத்தி கோட்டிலிருந்து பந்தை வெளியே தள்ளுவாள். இன்னொருத்தி அதை மட்டையால் நிறுத்துவாள். மூன்றாமவள் கோலை நோக்கி முழுப் பலத்தோடு அடிப்பாள். அந்த நேரம் கோல் வாசலிலிருந்து ஒருத்தி, அடிப்பவளை நோக்கி நேரே ஓட வேண்டும். பந்து மட்டையில் படலாம், உடம்பிலும் படலாம். அந்த முதல் ஓட்டக்காரியாகத்தான் அவர் தன் இளமையைக் கழித்தார். ஒரு முழங்கால் மடங்காது. இடது கை விரல்கள் கோணல். பேப்பரில் கோல் போட்டவளின் முகம் வரும், தன் முதுகு மட்டுமே வந்தது என்று சிரிப்பார்.

என் மகளையும் அதே இடத்தில் நிறுத்தினார். அவளுக்குப் பயமில்லாத கால் என்றார்.

ஒருநாள் ஆட்டம் பார்க்க என் கணவரும் வந்தார். இவர் யாழ்ப்பாணத்தில் செல்லடிக்குள், குண்டு விழ விழ வளர்ந்தவர். ஆமி முகாமில் செல்லைக் குத்துகிற சத்தம் முதலில் கேட்கும். அது வந்து விழ முன்னம் நிலத்தில் படுத்துவிட வேண்டும். இங்கே வாணவேடிக்கைக்கும் “படு!” என்று கத்துவார். பிள்ளைகள் அதை ஒரு விளையாட்டாக்கி, அவர் கத்தியதும் தொப்பென்று விழுந்து சிரிப்பார்கள்.

கோர்னர் வந்தது. மகள் ஓடினாள். எதிரணிக்காரி பந்தை நிறுத்திய சத்தம், டொக் என்று கேட்டது. அடி இன்னும் விழவில்லை. இவர் எழும்பிக் கத்தினார்:

“படு! பிள்ளை, படு!”

அவள் படுத்தாள். முழங்காலுக்குக் கீழே போயிருக்க வேண்டிய பந்து கண்ணுக்குக் கீழே அடித்தது.

கோட்-டெ-நெய்ஜ் ஆஸ்பத்திரியில் அந்த ஜெர்மன் பெண் என் பக்கத்தில் இருந்தார். என் கணவர் உள்ளே வரவில்லை, பஸ் தரிப்பில் நின்றார்.

“அவர் என்ன சொல்லிக் கத்தினார்?” என்று அந்தப் பெண் ஆங்கிலத்தில் கேட்டார்.

சொன்னேன். அவர் தன் கோணல் விரல்களைத் தடவிக்கொண்டு பேசினார்:

“என்னை யாரும் அணியிலிருந்து நீக்கவில்லை. கூட ஆடிய ஒருத்திக்குக் கண் போனது. அடுத்த ஆட்டத்தில் நான் ஓடினேன். ஆனால் கடைசி நொடியில் முகத்தைத் திருப்பிவிட்டேன். பயிற்சியாளர் மட்டும் கண்டார். பிறகு என்னைக் கூப்பிடவில்லை.”

“என்ரை மகள் திரும்ப ஓடுவாளா?” அவசரத்தில் தமிழில் கேட்டுவிட்டு, ஆங்கிலத்தில் திரும்பக் கேட்டேன்.

“அது அவளுக்கே தெரியாது. ஓடும்போதுதான் தெரியும்.”

கண் தப்பியது. உடைந்த கன்ன எலும்புக்குத் தகடு வைத்தார்கள். இனிப் போக வேண்டாம் என்று கெஞ்சினேன். “சா வா, அம்மா,” ஒன்றுமில்லை என்று பிரெஞ்சில் சொல்லி என் வாயை மூடவைத்தாள். கோடை முடிய முன்னம், முகமூடியோடு மைதானத்துக்குப் போனாள். இவர் வர மறுத்தார்.

“என்ரை வாயை ஆர் பூட்டுறது? நீர் போய்ப் பாரும். ஓடுறாளோ எண்டு மட்டும் வந்து சொல்லும்.”

கோர்னர். டொக். மகள் ஓடினாள். அடிப்பவள் மட்டையை ஓங்கினாள். முகமூடிக்குள் இருந்த அந்தத் தலை மெல்லத் தோள் பக்கம் திரும்பியது. பந்து அவளைத் தொடாமல் கோலுக்குள் போனது. எதிர்ப்பக்கத்துப் பெற்றோர் துள்ளினார்கள். ஜெர்மன் பெண் என் பக்கம் பார்க்கவே இல்லை. ஏற்கெனவே மூடியிருந்த தண்ணீர்ப் போத்தலை இன்னும் இறுக்கிக்கொண்டு நின்றார்.

அவள் அந்தப் பந்துக்கு முன்னால் இனிப் போகக் கூடாது என்றுதான் மாதாவிடம் கேட்டிருந்தேன்.

“அம்மா, படவே இல்லை. ஏன் அழுறீங்கள்?”

வீட்டுக்கு வந்தபோது இவர் வாசலிலேயே நின்றார். மகள் பையோடு மேலே போகும்வரை பொறுத்திருந்து கேட்டார்:

“ஓடினவளோ?”

“ஓடினவள்.”

“முந்தின மாதிரியோ?”

“ஓம்,” என்றேன்.