அக்கா வேகத்தைக் கூட்டினாள்

என் அக்காவுக்குப் பொறுமை என்றால் என்னவென்றே தெரியாது. வேகமாக நடப்பாள், வேகமாகத் திட்டுவாள், அதைவிட வேகமாக மறந்துவிடுவாள். மாமா இறந்துபோன பிறகு, கையிலிருந்ததையெல்லாம் போட்டு ஒரு மாடியில் சலவைக் கடை வைத்தாள். பெரிய மெஷின் ஒன்றும் வாங்கினாள். கீழே பல் டாக்டர். கட்டடமும் அவருடையதுதான்.

மெஷின் துணியைப் பிழியச் சுற்றும்போதெல்லாம் மாடியே கிடுகிடுக்கும். ஒருநாள் டாக்டர் மூச்சிரைக்க மேலே வந்தார்.

"ஊசியை ஈறுல குத்தறேனா, கன்னத்துல குத்தறேனான்னே தெரியலம்மா! சாயங்காலத்துக்குள்ள இந்த ஆட்டம் நிக்கலைன்னா கடையைக் காலி பண்ணிடுங்க."

அவர் சொன்னதிலும் தப்பில்லை. மெக்கானிக் வந்து, மெஷினின் கால்களில் தேய்ந்திருந்த ரப்பர்களை மாற்றினார். எதற்கு வம்பு என்று சுற்றும் வேகத்தையும் கொஞ்சம் குறைத்தார். ஐயோ, ஆட்டம் முன்னைவிட மோசம்! அலமாரியிலிருந்து சோப்புத்தூள் டப்பா குதித்தே விழுந்தது.

"இன்னும் குறைக்கலாமா?" என்றேன்.

"குறைச்சா துணி சொட்டச் சொட்ட வரும். நீயா பிழிவே?" என்று அக்கா சீறினாள்.

மெஷினை அணைத்துவிட்டு, தரையில் உள்ளங்கையை வைத்து உட்கார்ந்தாள். திடீரென்று முகம் மலர்ந்தது.

"டேய், வேகம் இறங்க இறங்க ஆட்டம் அடங்குதுடா! கிளம்புறப்பவும் இந்த வேகம் வர்றப்பதான் பேயாட்டம். மெஷினோட தாளமும் தரையோட தாளமும் இந்த வேகத்துலதான் ஒண்ணாகுது. ஊஞ்சலை அது போற போக்குல தள்ளினா எகிறும். படபடன்னு தள்ளினா?"

"அசையாது."

"அப்போ தாண்டிப் போயிடணும்!"

வேகக் குமிழைக் கடைசிவரை திருப்பி மெஷினைப் போட்டாள். வேகம் ஏறியது. அந்தப் பொல்லாத இடம் வந்ததும் ஜன்னல் கண்ணாடியெல்லாம் கடகடத்தது. "நிறுத்துங்க!" என்று மெக்கானிக் அலறினார். நான் சுவிட்சுக்குப் பாய்ந்தேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டாள்.

"சும்மா இருடா! இதைத் தாண்டட்டும்!"

புது ரப்பர் ஆட்டத்தை உள்ளே வாங்கிக்கொண்டு தாக்குப்பிடித்தது. அப்புறம், அடேயப்பா! வேகம் உச்சத்துக்குப் போனது, ஆட்டமோ அடங்கிவிட்டது. சீரான ஒரு முனகல்தான் மிச்சம். மெக்கானிக் தன் டீ டம்ளரை மெஷின்மேல் வைத்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை! எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது.

படியேறி வந்த டாக்டர் வாசலிலேயே நின்றார். முகம் வாடியிருந்தது.

"ஏதோ கோபத்துல சொல்லிட்டேன்மா. அதுக்காக மெஷினையே நிறுத்திட்டீங்களே! பொழப்புக்கு என்ன பண்ணுவீங்க?"

அக்காவின் கண் நிறைந்துவிட்டது, ஆனாலும் சிரித்தாள்.

"நிறுத்தல டாக்டர். ஓடிட்டிருக்கு. தொட்டுப் பாருங்க."

அவர் தொட்டுப் பார்த்தார். பிறகு தன் வெள்ளைக் கோட்டைக் கழற்றி அழுக்குத் துணிக் கூடையில் போட்டார்.

"நாளைக்குக் காலையில வேணும்" என்றார்.