மாது கொண்டுவரும் வெல்லம்

இண்டூரில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே காப்பிக் கடை வைத்திருந்த ஹயாத் பாஷா வெல்லம் வாங்கமாட்டார். சர்க்கரை தீர்ந்தால் கடையையே சாத்திவிடுவார். ஓர் அச்சு வெல்லம் வாங்கிச் சமாளிக்கக் கூடாதா என்று ஒருமுறை கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனால் சந்தை நாளில், ஒரு கண் இல்லாத மாது என்பவன் துண்டில் முடிந்து கொண்டுவரும் வெல்லத்தில், மாதுவுக்கு மட்டும் வரக்காப்பி போட்டுக் கொடுப்பார். ஏன் என்று அவர் என்னிடம் சொன்னது எண்பத்தேழாம் வருஷம்.

அதற்கு நாலு வருஷம் முன்னால் வத்தல்மலைக்கு ரோடு போட முடியுமா என்று அளக்க ஒரு கூட்டம் போனது. ஓர் இன்ஜினியர், சங்கிலியும் கோலும் பிடிக்க எட்டு ஆட்கள், சமையலுக்கு ஹயாத் பாஷா. கோல் பிடித்தவர்களில் மாதுவும் ஒருவன், பாஷாவின் தெருக்காரன். கூடாரத்தைப் பிரித்துச் சுமப்பதும், கொஞ்சம் மேலே ஏறிப் போய் மறுபடி அடிப்பதுமாக இருந்தார்கள்.

இரண்டாம் நாள் மழையில் சர்க்கரை கரைந்துபோனது. மிச்சம் இருந்தது வெல்லம்தான். பாஷா மூன்று கல்லைக் கூட்டி, வெல்லத்தைத் தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்து, தூளைக் கொட்டி இறக்கி, மேலே ஒரு கை பச்சைத்தண்ணீர் தெளித்தார். தூள் அடியில் படிந்தது. அதைக் குடித்த இன்ஜினியர், அடுத்த வேலைக்கும் உன்னையே கூட்டிப்போவேன் என்றுவிட்டார். பாஷாவுக்குத் தலைகால் புரியவில்லை.

விறகு கொண்டுவந்த செல்லி என்கிற மலைக்காரப் பெண்தான் முதலில் எச்சரித்தாள்.

"வெல்லக் கசடக் கண்ட எடத்துல ஊத்தாதீங்க. கரடி ருசி கண்டுச்சுன்னா வுடாது. குழி வெட்டிப் பொதைச்சுடுங்க."

பாறை நிலத்தில் யார் குழி வெட்டுவது? கூடாரத்துக்குப் பக்கத்தில் ஊற்றாமல் இருந்தால் போதும் என்று பாஷா தானாகவே ஒரு முடிவுக்கு வந்தார். பாத்திரங்களைச் சுனைக்குப் போகும் வழியில், பாதி தூரத்தில் வைத்துக் கழுவினார். மறுநாள் பார்த்தால் கசடு ஊற்றிய இடம் துடைத்தது போல் இருந்தது. நாய் நக்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். கிட்டத்தில் ஊரே கிடையாது, நாய் வர வழியில்லை என்பது அவருக்கும் தெரியும்.

அதற்கு அடுத்த நாள் அங்கே முழங்கை ஆழத்துக்கு மண் தோண்டிக் கிடந்தது. பக்கத்துக் கல்லில் நகக்கீறல். பாஷா சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் காலாலேயே மண்ணைத் தள்ளி மூடினார். வெளியே சொன்னால் வெல்லக் காப்பி போகும், வேலையும் போகும். இன்னும் ஒரே நாள், நாளை மறுநாள் கூடாரத்தைப் பிரிக்கப்போகிறோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். அன்று சாயங்காலமும் கசடை அங்கேதான் ஊற்றினார். ஊற்றாமல் விட்டால் தேடிக்கொண்டு கூடாரத்துக்கே வந்துவிடுமோ என்ற பயம்.

விடியற்காலையில் தண்ணீர் எடுக்கப் போவது அவருடைய வேலை. அன்றைக்கு வெயில் ஏறட்டும் என்று போர்வைக்குள்ளேயே கிடந்தார். வெளுத்த பிறகு எழுந்து பார்த்தால் குடம் இல்லை. மாது படுத்திருந்த இடமும் காலி. கூப்பிட வாயைத் திறப்பதற்குள், கீழே அலுமினியக் குடம் கல்லுக்குக் கல் மோதி உருண்டுபோகும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் மாதுவின் அலறல்.

கம்பளியில் தூளி கட்டி இறக்கினார்கள். உயிர் பிழைத்தது. ஒரு கண்ணும் பாதிக் கன்னமும் போயின. அளவெடுப்பும் அத்தோடு நின்றது. பாஷா அப்புறம் மலைப்பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

கடை வைத்த பிறகு மாது வரும்போதெல்லாம் வெல்லக் காப்பி கேட்பான், இவர் வெல்லம் இல்லை என்பார். ஒரு சந்தை நாளில் மாது தானே வெல்லம் வாங்கிவந்து மேஜைமேல் வைத்துவிட்டான். பாஷா போட்டுக் கொடுத்தார். இன்றைக்குச் சொல்லாவிட்டால் என்றைக்கும் இல்லை என்று நினைத்து, "மாது, அந்தச் சுனை வழியில..." என்று ஆரம்பித்தார்.

மாது முடிக்கவிடவில்லை.

"தெரியும் பாய். அந்தக் குழிய நான் முந்தின நாளே பாத்துட்டேன். சொன்னா உங்கள வூட்டுக்கு அனுப்பிருவாங்க. நீங்க தெரியாம போயி மாட்டிக்கக் கூடாதுன்னுதான் கொடத்த நான் எடுத்துக்கினு போனேன். நீங்க அதப் பாத்திருக்கமாட்டீங்கன்னு எனக்குத் தெரியுங்க."

இதைச் சொல்லிவிட்டு ஹயாத் பாஷா அடுப்பில் விறகைத் தள்ளினார். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"பாக்கலன்னு சொல்லிட்டேன் சார்," என்றார். "இன்னொரு டம்ளர் கேட்டான். போட்டுக் குடுத்தேன்."