ஜல்லி ரோடும் ஜீப் மேடமும்

எனக்குப் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. ஆனேக்கல் தாண்டி, ஓர் ஏரிக்கரையில் தொடங்கிக் குன்றின் தலையில் இருக்கும் சின்ன ஊர் வரைக்கும் ஜல்லி ரோடு ஒன்று போகும். அதில் கால் ஊன்றாமல் சைக்கிளில் ஏற வேண்டும். அவ்வளவுதான். அதற்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. ரோடு ஒரு காரணம். மனிதர்கள் அதைவிடப் பெரிய காரணம்.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். ஆம்பூர் பக்கத்திலிருந்து வந்து, பெங்களூர் மல்லேஸ்வரத்தில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கி, சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஆபீஸில் ஏழெட்டுப் பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் கியர் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே போவார்கள். தார் ரோடு அவர்களுக்குக் கேவலம். மலையடிவாரத்து மண் பாதை, குவாரி லாரி போகும் பாதை, ஜல்லியைக் கொட்டிவிட்டுத் தார் போட மறந்துபோன ரோடு, இவைதான் வேண்டும். பழைய கியர் சைக்கிள் ஒன்றை வாங்கி நானும் சேர்ந்தேன். அந்தக் கூட்டத்தில் நான் ஒருத்திதான் பெண்.

தண்ணீரும் வாழைப்பழமும் ஏற்றிக்கொண்டு பின்னால் ஒரு வாடகை ஜீப் வரும். மேட்டில் யார் நின்றுவிட்டாலும் டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடிப்பார். உடனே சைக்கிளை ஜீப்பில் ஏற்றிவிட்டு நாமும் ஏறிக்கொள்ள வேண்டும், மற்றவர்களைக் காக்க வைக்கக் கூடாது. கேட்டால், எல்லோருக்கும் பொது விதி என்பார்கள். ஆனால் ஹாரன் எனக்கு மட்டும்தான் அடித்தது. ஆண்கள் இறங்கி சைக்கிளைத் தள்ளினால் அதற்குப் பெயர் டெக்னிக். நான் ஒரு காலை ஊன்றி மூச்சு வாங்கினால் அது எமர்ஜென்சி.

அந்தக் குன்றில் பாதிக்கு மேல் ஒரு உருண்டைப் பாறை. அங்கே ரோடு திரும்பி செங்குத்தாக எழும். ஜல்லி உருளும், பின் சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றும். ஒவ்வொரு தடவையும் நான் அங்கேதான் நிற்பேன், ஒவ்வொரு தடவையும் ஹாரன் அங்கேதான் அடிக்கும். எங்கள் டீம் லீடர் மேலேயிருந்து கத்துவார். “ஈஸியா எடுத்துக்கோம்மா, டீ ஆறிடும், ஜீப்ல ஏறிக்கோ!” அவருக்கு டீ. எனக்கு மானம். இரண்டும் ஒரே தட்டில் வைக்கிற சாமானா?

மேலே இருந்த ஒரே டீக்கடையை ஒரு அக்கா நடத்தினார். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றையும் ஒரே வாக்கியத்தில் பேசுவார். நான் ஜீப்பிலிருந்து இறங்குவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு பெயரே வைத்துவிட்டார். “ஜீப் மேடம் வந்துட்டாங்க. பாவம், ஷுகர் ஜாஸ்தி போட்டுத் தரேன் இருங்க.” மற்றவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பாகாக இருக்கும் அந்த டீயை ஒரே மடக்கில் குடித்துவிடுவேன்.

கடைசியில் ஒரு நாள் கூட்டத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பினேன். கலாசிபாளையத்தில் தனியார் பஸ்ஸின் கூரையில் சைக்கிளைப் போட்டு, ஆனேக்கல்லில் இறக்கி, அங்கிருந்து மிதித்தேன். ஏரிக்கரை வருவதற்குள் மூன்று பேர் என்னை நிறுத்தினார்கள். ஒருவர் பஞ்சரா என்று கேட்டார். ஒருவர் அந்தப் பக்கம் யானை வரும் என்றார். மூன்றாமவர் ரொம்ப அக்கறையோடு தார் ரோட்டுக்கு வழி சொன்னார். “அங்க ஜல்லிம்மா, யாக்கே சும்னே, எதுக்கு வீணா கஷ்டம்? இப்பிடியே போனா ஜம்முன்னு போயிடலாம்.” ஜல்லிக்காகத்தான் வந்தேன் என்றேன். என் வீட்டுக்குத் தகவல் சொல்லலாமா என்று யோசிக்கிறவர் போலப் பார்த்தார்.

அன்றைக்குப் பாறையைத் தாண்டிவிட்டேன். நிஜமாகவே தாண்டிவிட்டேன். இன்னும் கொஞ்ச தூரம்தான், டீக்கடையின் கூரைத் தகடு தெரிகிறது. அப்போது சக்கரம் வழுக்கியது, கால் ஊன்றினேன். சரி, கீழே போய் மறுபடி வரலாம் என்று மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது பின்னால் ஒரு டிராக்டர் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் டீக்கடை அக்காவின் தம்பி. ஒரு வார்த்தை கேட்கவில்லை. இறங்கினார், சைக்கிளை ஒற்றைக் கையால் தூக்கி, டிரெய்லரில் ஏற்றியிருந்த ராகி வைக்கோல் மேல் படுக்க வைத்தார். “ஏறுங்க மேடம்” என்றார். வேண்டாம் என்றேன். “பர்வாயில்ல மேடம், எங்க ஊருக்குத்தானே வர்றீங்க” என்றார். சைக்கிள் போய்விட்ட பிறகு நான் மட்டும் ரோட்டில் நின்று என்ன செய்ய? ஏறினேன். மேலே அக்கா, “இன்னிக்கு டிராக்டர் மேடம்!” என்று கைதட்டினார். திட்டவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. திட்டினால் எதற்குத் திட்டுகிறேன் என்று அந்த ஊரில் யாருக்காவது புரியுமா?

அதற்குப் பிறகு மழைக்காலம், ஆபீஸில் வேலையும் நெரித்தது. நான் சும்மா இருக்கவில்லை. மல்லேஸ்வரத்தில் அப்போது கேபிள் போடுவதற்காகத் தெருத் தெருவாகத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஜல்லிக்குப் பஞ்சமே இல்லை. விடிகாலையில் மார்க்கெட் பக்கத்துச் சரிவுகளில் தோண்டிப் போட்ட கல் மேல் ஏறி ஏறிப் பழகினேன். எழுந்து நின்று மிதித்தால் பின் சக்கரம் வழுக்கும், சீட்டை விட்டு எழக் கூடாது என்பது அப்போதுதான் புரிந்தது. டயரில் காற்றைக் குறைத்தால் கல்லைக் கவ்விப் பிடிக்கும் என்பதும் புரிந்தது. ஆனால் எங்கள் தெரு சைக்கிள் கடைக்காரர் விட மாட்டார். நான் குறைத்துக்கொண்டு போனால், அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கூப்பிட்டு, “காத்தே இல்லையே, ரிம்மு போயிடும்” என்று காற்றைக் கல் மாதிரி அடித்துவிடுவார். கடைசியில் அந்தத் தெருவழியே போவதையே விட்டேன். இந்த ஊரில் எனக்கு உதவி செய்யாத ஆளே கிடையாதா என்று ஆத்திரமாக வந்தது.

மழை ஓய்ந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி பஸ் கூரை, மறுபடி ஆனேக்கல். ஏரிக்கரையில் நின்று டயரில் காற்றைக் கொஞ்சம் விட்டேன். நிமிர்ந்து பார்த்தேன். மேடு முழுக்கக் கறுப்பாகப் பளபளத்தது. தார் போட்டிருந்தார்கள். வாசனைகூட இன்னும் போகவில்லை.

ஏறினேன். என்ன பெரிய ஏற்றம்? பாறை வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. காற்றில்லாத டயர் தாரில் சப்புச் சப்பென்று ஒட்டியதுதான் மிச்சம். மேலே அக்கா வாசலுக்கே ஓடி வந்துவிட்டார்.

“பார்த்தியாம்மா, ஜீப் இல்லாம, டிராக்டர் இல்லாம வந்துட்டே! எல்லாம் உன்னாலதான் தெரியுமா? ஓட்டுக் கேக்க வந்தாங்க இல்ல, அப்ப நான் புடிச்சிக்கிட்டேன். பெங்களூர் கம்ப்யூட்டர் பொண்ணு, கியர் சைக்கிள் வெச்சிக்கினு, அதுவே ஏற முடியாம ஜீப்புல வருது. எங்க ஊரு புள்ளத்தாச்சிங்க எப்பிடிய்யா இறங்கிப் போறதுன்னு கேட்டேன். வாய் அடைச்சிப் போச்சு அவங்களுக்கு. போட்டுட்டாங்க.”

பிரசவ வலியோடு அந்த ஜல்லியில் டிராக்டரில் இறங்குவதை நினைத்துப் பார்த்தால் எனக்குக் கோபப்பட ஒரு நியாயமும் கிடையாது. ஆனாலும் கோபம் வந்தது. என் தோல்வியைக் காட்டி ரோடு வாங்கியிருக்கிறார்கள், நான் ஜெயிப்பதற்கு ரோடு இல்லை. “நல்லதுக்கா” என்றேன்.

டீ போடச் சொல்லிவிட்டுக் கடைக்குப் பின்னால் போனேன். தார் கடையை ஒட்டிய வளைவோடு முடிந்திருந்தது. குன்றின் மறுபக்கம், மல்பெரித் தோட்டங்களுக்கு நடுவே, பழைய ஜல்லி அப்படியே கீழே இறங்கியது. இந்தப் பக்கத்தைவிடச் செங்குத்து. அக்காவிடம் சொல்லாமல் சைக்கிளோடு இறங்கினேன். கீழே போய்ச் சைக்கிளைத் திருப்பினேன்.

சீட்டை விட்டு எழவில்லை. முன் சக்கரத்துக்கு முன்னால் கிடக்கும் கல்லைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. கல் தெறித்தது, சக்கரம் வழுக்கியது, பிடித்தது, மறுபடி வழுக்கியது. பாதியில் எதிரே அந்தத் தம்பியின் டிராக்டர். “மேடம், பஞ்சரா?” என்று பிரேக் போட்டு, சைக்கிளைப் பிடிக்கக் கை நீட்டினார். “தொடாதீங்க!” என்று நான் போட்ட சத்தத்தில் கையை எடுத்துக்கொண்டார். தொடை நடுங்கியது, கண்ணில் வியர்வை எரிந்தது. தார் தொடங்கும் இடத்தில் முன் சக்கரம் ஏறியபோது என் இரண்டு காலும் பெடலில் இருந்தன. அப்புறம்தான் ஊன்றினேன். அழுதுவிட்டேன், சொல்வதில் வெட்கம் இல்லை.

அக்கா டீ கிளாஸோடு கடைப் பக்கவாட்டில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நெஞ்சில் கை வைத்திருந்தார், கண் கலங்கியிருந்தது. பக்கத்தில் நின்ற பெரியவர் யார் இது என்று கேட்டதற்கு, “நம்ம ஜீப் மேடம்தான்” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“ஐயோ, என்னா பாடு பட்டுட்டே! அந்தப் பக்கம் இன்னும் போடலை இல்ல. நீ கவலப்படாத, அதையும் நான் கேட்டு வாங்கிடறேன்.”

“வேண்டாங்கக்கா. சத்தியமா வேண்டாம்” என்றேன்.

கூச்சப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, என் டீயில் இன்னொரு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கலக்கினார்.