சர்ட்டிபிகேட் மட்டும் போதுமுங்க

இங்கே யாரும் யாரையும் அதட்டுவதில்லை. கோயமுத்தூருக்கு வந்து எனக்கு இன்னும் பழகாதது அதுதான். பீளமேட்டுப் பக்கம் ஒரு பம்புசெட் கம்பெனி ஆபீசில் டெம்பரவரியாக இருக்கிறேன். தபால் பிரிப்பது, கவர் ஒட்டுவது, பைல் எடுத்துக் கொடுப்பது. மேனேஜர்கூட ‘கொஞ்சம் தண்ணி கொண்டாங்க’ என்றுதான் சொல்வார். நம் முதுகுளத்தூர்ப் பக்கத்தில் ‘டேய்’ போடாமல் ஒருவர் வேலை சொன்னால் ஏதோ கோபத்தில் இருக்கிறார் என்று அர்த்தம். இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறவர்கள் கைவிட மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஊரிலிருந்து இங்கே வரப்போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

டெம்பரவரி என்றால் மூன்று மாதம் முழுசாக ஆக விடமாட்டார்கள். தொண்ணூறு நாள் ஆவதற்குள் நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பிரேக் என்று பெயர். பத்து நாள் அறையில் கிடக்க வேண்டும். பிறகு புது ஆர்டர் அடித்துக் கூப்பிடுவார்கள். விடாமல் வேலை பார்த்ததாக ஆகிவிட்டால் பெர்மனென்ட் கேட்போமாம். எனக்கு ஒரு பிரேக் முடிந்து, இரண்டாவது வரப்போகிற சமயம் ஹெட்கிளார்க் நாச்சிமுத்து கூப்பிட்டார். கிணத்துக்கடவுக்காரர். தன் டிபன் பாக்ஸிலிருந்து எனக்கு ஒரு பங்கு வைக்காமல் சாப்பிட மாட்டார்.

“ஏனுங்க கருப்பையா, உங்களுக்கு ஒரு தம்பி இருக்காருன்னீங்களே, படிச்சிருக்காருங்களா?”

எட்டாவது பாஸ் என்றேன்.

“அப்ப அவரு சர்ட்டிபிகேட்ட வரவெச்சுப்போடுங்க. அடுத்த ஆர்டர் அவரு பேருக்குப் போட்டுக்கலாம்.”

அப்போது நான் என்ன ஆவேன் என்று கேட்டேன். நீங்கள் எங்கே போகப்போகிறீர்கள், இங்கேதானே இருக்கப்போகிறீர்கள் என்று சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரே ஆபீசில் அண்ணனுக்கும் தம்பிக்கும் வேலை.

அன்றைக்கே கடுதாசி போட்டேன். தம்பி செல்வம் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவன். புகையில் நின்று நின்று கண் எப்போதும் சிவந்திருக்கும். அவனுக்காக அறையில் இடம் கேட்டு வைத்தேன். புதுப் பாய் ஒன்று வாங்கினேன். பிரேக் முடிந்த திங்கட்கிழமை காலையில் வெள்ளைச் சட்டை போட்டு வந்து இறங்கினான். மூட்டக்காரரிடம் இனிமேல் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தான். அவர் உடனே வேறு ஆளைப் போட்டுவிட்டாராம். சட்டை நன்றாக இருந்தது. நகக்கண்ணில் மட்டும் கரி போகவில்லை.

நாச்சிமுத்து எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“அட, தம்பி எதுக்குங்க இத்தன தூரம் வந்தாரு? சர்ட்டிபிகேட் மட்டும் போதுமுங்களே. தபால்ல அனுப்பியிருந்தா வேல முடிஞ்சுது.”

எனக்குப் புரியவில்லை, திரும்பக் கேட்டேன். அவர் பொறுமையாகத்தான் சொன்னார். ஒரே பேர் மறுபடி மறுபடி வந்தால் மேலே கேட்பார்களாம். அதனால் தம்பி பேரில் நான் இருக்க வேண்டுமாம். எல்லா டெம்பரவரியும் இப்படித்தானாம். டைப் அடிக்கிற அம்மணிகூடத் தன் அக்கா பேரில்தான் இருக்கிறாராம். நான் ஆறு மாதமாக அந்த அக்கா பேரைச் சொல்லித்தான் அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவரும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வந்தது வந்துட்டீங்க. காப்பி குடிச்சுப்போட்டுப் போங்க, கண்ணு,” என்று தம்பியிடம் சொன்னார். காப்பியும் வந்தது.

பேரும் அவனுடையது, படிப்பும் அவனுடையது. அவனையே வைத்துக்கொள்ளுங்கள், நான் ஊருக்குப் போகிறேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஊரில் எனக்கு இரண்டு பிள்ளைகள். அதைக் காரணம் என்று எழுதுகிறேன். சரியா என்று தெரியவில்லை.

மாடிப்படியில் இறங்கும்போது கேட்டான். “அப்ப எனக்கு வேல இல்லையாண்ணே?”

இல்லை என்று தலையாட்டினேன்.

கைப்பிடிச் சுவரோரம் நின்றான். பிறகு என் பையிலிருந்த பேனாவை எடுத்தான். பஸ் டிக்கெட்டின் பின்னால் தன் கையெழுத்தைப் போட்டான். அதே மாதிரி என்னைப் போடச் சொன்னான். இரண்டு தடவை தப்பாக வந்தது. மூன்றாவது தடவை ஒத்துக்கொண்டான். நான் அஞ்சாவதோடு நின்றவன்.

“ஒரே நாள்ல எட்டாவது பாஸாயிட்டண்ணே,” என்றான். “என் பேரக் கெடுத்துராத.”

சிரித்தான். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். மதுரை பஸ்ஸில் ஏற்றிவிட்டு ஆபீசுக்குத் திரும்பினேன். ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டேன். நாச்சிமுத்து பார்த்துவிட்டு நல்லாயிருக்குங்க என்றார்.

மத்தியானம் கவர் ஒட்டிக்கொண்டிருந்தேன். பஸ் அந்நேரம் தாராபுரம் தாண்டியிருக்கும். இனி அவன் யாரிடம் போய் வேலை கேட்பான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து மேனேஜர் கூப்பிட்டார்.

“செல்வம், கொஞ்சம் வாங்க.”

இரண்டு தடவை கூப்பிட்டார். டைப் அடிக்கிற அம்மணி அடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பசைக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

“வாரேனுங்க,” என்றேன்.